தமிழ் விவிலியத்தில் சொல்லொருமையும் சார்பும்

முன்னுரை

கிறித்தவ மறைநூல் தனக்குள் முரண்படுகிறதா, பிற சமயத்தாரைக் காழ்ப்புடன் நோக்குகிறதா என்னும் வினாக்கள் இறையியலாருக்கும் மறுப்பாளருக்கும் உரியனவாகவே கருதப்பட்டு வந்துள்ளன. ஆனால், தமிழில் இவ்வாதத்தை நிகழ்த்துவோர் பெரும்பாலும் எபிரேய, கிரேக்க மூலங்களைக் கைக்கொள்வதில்லை. மொழிபெயர்ப்பையே சான்றாகக் காட்டுகின்றனர். ஆகவே, மூலத்தின் கருத்து எது, மொழிபெயர்ப்பாளரின் கருத்து எது எனப் பிரித்தறியும் பொறுப்பு மொழியியலாரைச் சார்கிறது.

இச்சிக்கல் இருமொழிச் சூழலில் எளிதில் வெளிப்படும். 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்ற போர்ட் பிளேரின் டெலானிபூர் போன்ற பகுதிகளில், தமிழோடு இந்தியும் அன்றாட வழக்கில் உள்ளது. இவ்விரு மொழிகளிலும் விவிலியம் படிக்க வல்ல ஒருவர் அப்போஸ்தலர் நடபடிகளை ஒப்பிடுவாராயின், ஒரு வேறுபாட்டைக் காண்பார். பழைய இந்தி மொழிபெயர்ப்பில் எருசலேமில் இருப்பதும் ‘மந்திர்’. எபேசு நகரத் தேவிக்கு உரியதும் ‘மந்திர்’. பழைய தமிழ் மொழிபெயர்ப்பிலோ முன்னது ‘தேவாலயம்’ (3:1). பின்னது ‘கோவில்’ (19:27). கிரேக்க மூலத்தில் இரண்டிடத்தும் ‘ஹீரோன்’ என்னும் ஒரே சொல்லே உள்ளது. இவ்வேறுபாடு எங்கிருந்து வந்தது என்பதே இக்கட்டுரை ஆராயும் பொருள்.

நாவலரின் வாதம்

தமிழில் விவிலியத்தின் ஒருமை குறித்து எழுந்த வாதங்களுள் முதன்மையானது யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலருடையது. வெஸ்லியன் சங்கத்துப் பீட்டர் பெர்சிவல் பாதிரியாருக்கு விவிலிய மொழிபெயர்ப்பில் துணைநின்றவர் அவர். அம்மொழிபெயர்ப்பு 1850-இல் வெளிவந்தது. நான்காண்டுகள் கழித்து, 1854-இல், நாவலரின் சைவதூஷணபரிகாரம் வெளிவந்தது.

அந்நூலின் அடிப்படை வாதம் எளிமையானது. தூய்மை விதிகள், விளக்கு, தூபம், பலி, திருநிலைப்படுத்தல் முதலிய சடங்குகளைப் பழைய ஏற்பாடு கடவுளின் கட்டளையாகவே கூறுகிறது. அவற்றை ஒத்த சைவக் கிரியைகளைப் பாதிரிமார் இகழ்வராயின், அவர்கள் இகழ்வது தம் நூலையே என்பது நாவலர் துணிபு. அச்சடங்குகள் ஒரு காலத்துக்கு மட்டும் உரியவை என விடைகூற இயலும். எனினும், அவ்விடையும் சடங்கு தன்னளவில் தீயதன்று என்பதை ஒப்புக்கொண்டே நிற்கிறது. மறைநூலை உடனிருந்து மொழிபெயர்த்தவர் என்பதால், சொல்லுக்குச் சொல் ஒப்புநோக்கும் ஆற்றல் நாவலருக்கு இருந்தது. அவ்வொப்புநோக்கைப் பிந்திய மொழிபெயர்ப்பு பொது வாசகருக்கு அரிதாக்கிவிட்டது என்பதே கருதத்தக்கது.

ஒரு மூலச்சொல், இரு தமிழ்ச்சொல்

ஹென்றி பவர் தலைமையில் உருவாகி 1871-இல் முழுமையுற்ற மொழிபெயர்ப்பே இன்று ‘பழைய மொழிபெயர்ப்பு’ எனச் சீர்திருத்தச் சபைகளில் வழங்குவது. அதில் ‘கோஹேன்’ என்னும் எபிரேயச் சொல் இஸ்ரவேலரிடையே ‘ஆசாரியன்’ ஆகிறது. பெலிஸ்தரிடையே ‘பூஜாசாரி’ ஆகிறது (1 சாமுவேல் 6:2). புதிய ஏற்பாட்டிலும் இதே நிலைதான். லூக்கா எழுதிய இரு நூல்களிலும் ‘ஹியரேயுஸ்’ என்பது ஒரே சொல். சகரியா ‘ஆசாரியன்’ (லூக்கா 1:5), யூப்பித்தருக்குப் பணிசெய்பவனோ ‘பூஜாசாரி’ (அப்போஸ்தலர் 14:13).

உண்மைச் சமயத்தார், பொய்ச் சமயத்தார் என்னும் பாகுபாடே இதற்குக் காரணம் என்று கூறி அமைய இயலாது. எகிப்தின் ஓன் நகரத்துப் போத்திபிராவும் மீதியானின் எத்திரோவும் இஸ்ரவேலர் அல்லர். எனினும் இருவரும் ‘ஆசாரியன்’ என்றே குறிக்கப்படுகின்றனர். முன்னவர் யோசேப்பின் மாமனார்; பின்னவர் மோசேயின் மாமனார். உறவினருக்கு ஒரு சொல்லும் பகைவருக்கு ஒரு சொல்லும் அமைந்திருப்பதை இச்சான்றுகள் காட்டுகின்றன. மூலம் வேறுபடுத்த விரும்பிய இடங்களில் அதற்கெனத் தனிச்சொல் உண்டு. பிற தெய்வ வழிபாட்டாளரைச் சுட்டும் ‘கோமெர்’ என்னும் எபிரேயச் சொல் மூன்றிடங்களில் வருகிறது (2 இராஜாக்கள் 23:5, ஓசியா 10:5, செப்பனியா 1:4). ஏனைய இடங்களில் மூலம் செய்யாத வேறுபாட்டைத் தமிழ் செய்துள்ளது.

இவ்வேறுபாட்டின் சமூகப் பொருளும் நோக்கத்தக்கது. மோசேயின் ஐந்நூல்கள் ஆதியாகமம் முதல் உபாகமம் வரை ‘ஆகமம்’ என்னும் பெயரையே பெற்றன. ‘அபிஷேகம்’, ‘பிரதிஷ்டை’ ஆகியனவும் இஸ்ரவேலின் சடங்குகளுக்கு உரியவாயின. இவை யாவும் சிவாலய வழக்கில் உயர்வுபெற்ற சொற்கள். ‘பூசாரி’ என்பதோ ஊர்த்தெய்வங்களுக்குப் பூசை செய்வோரைச் சுட்டும் வழக்கு. அதன் வடமொழிச் சாயல் பெற்ற வடிவமே மொழிபெயர்ப்பில் இடம்பெற்றது. எனவே, சைவர்களிடமிருந்து உயர்சொற்களைப் பெற்றுக்கொண்டு, அவர்களுக்கும் எளியோராகிய ஊர்ப்பூசாரிகளுக்கும் பொதுவான சொற்களைப் பகைவருக்கு ஒதுக்கியது இம்மொழிபெயர்ப்பு எனலாம். இங்குச் சமயச் சார்போடு சாதிப்படிநிலையும் கலந்துள்ளது. ‘கோயில்’ என்றவுடன் சிதம்பரத்தையோ திருவரங்கத்தையோ நினைக்கும் மரபுக்கும், ‘மாதா கோயில்’ என இயல்பாக வழங்கும் கத்தோலிக்கப் பேச்சுவழக்குக்கும் இது புறம்பானது.

ஒருமை காக்கப்பட்ட இடங்கள்

இம்மொழிபெயர்ப்பு முழுவதும் திட்டமிட்ட காழ்ப்பால் அமைந்தது என்பதும் பொருந்தாது. பாகாலுக்கு உரியதும் கர்த்தருக்கு உரியதும் அதில் ‘பலிபீடம்’ என்றே வருகின்றன. எபிரேயச் சொல் ஒன்றாயிருக்கத் தமிழ்ச்சொல்லும் ஒன்றாயிற்று. இவ்விடத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளர், கிறித்துவுக்கு முற்பட்ட கிரேக்க மொழிபெயர்ப்பாகிய செப்துவஜிந்தை விடவும் நடுநிலை காத்தனர். அதில் இஸ்ரவேலரின் பீடத்துக்கு ‘துசியாஸ்தேரியோன்’ என்றும் பிறரின் பீடத்துக்குப் பெரும்பாலும் ‘போமோஸ்’ என்றும் இரு சொற்கள் ஆளப்பட்டன.

கடவுட்பெயரும் இவ்வாறே. பப்ரிசியுஸ் ஆண்ட ‘பராபரன்’ நீங்கித் ‘தேவன்’ நிலைபெற்றபோது, ஒருமையிலும் பன்மையிலும் இயலும் ‘ஏலோஹிம்’ என்னும் சொல்லின் இருநிலையும் ‘தேவன் - தேவர்கள்’ எனத் தமிழில் காக்கப்பட்டது. 1995-இல் வெளிவந்த திருவிவிலியம் இதற்கு மறுதலையானது. எருசலேமில் உள்ளதையும் தயக்கமின்றிக் ‘கோவில்’ என்று அது வழங்கியது. பழைய பிளவு ஒன்று அகன்றது. ஆனால் ‘கடவுள்’ ஒருபுறமும் ‘தெய்வங்கள்’ மறுபுறமுமாக அது புதிய பிளவு ஒன்றை ஏற்படுத்திற்று. ஓரிடத்தில் நீங்கும் சார்பு வேறோரிடத்தில் தோன்றுவதற்கு இது சான்று.

சார்பு தங்கும் இடங்கள்

சார்பு பெயர்ச்சொல்லில் மட்டும் தங்குவதன்று. இடைச்சொல்லிலும் விகுதியிலும் தங்கும். உன்னதப்பாட்டு 1:5-இல் தலைவியின் கருநிறமும் அழகும் எபிரேயத்தில் ‘வ’ என்னும் ஓரிணைப்பால் சேர்கின்றன. அவ்விணைப்பு ‘உம்’ எனவும் ‘ஆனால்’ எனவும் பொருள்பட வல்லது. செப்துவஜிந்து கூட்டுப்பொருளைக் கொண்டது. இலத்தீன் வுல்காத்தா எதிர்நிலைப் பொருளைக் கொண்டது. பழைய தமிழ் மொழிபெயர்ப்பு ‘-ஆலும்’ என்னும் விகுதியால் பின்னதன் வழிச் சென்றது. கருநிறம் அழகுக்கு மாறானது என்னும் கருத்தை அங்கே உறுதிசெய்தது இலக்கணத் தெரிவேயன்றி மூலத்தின் கட்டாயமன்று.

இதன் மறுபக்கமும் மறுக்கத்தக்கதன்று. தீத்து 1:12-இல் கிரேத்தா தீவினரைப் பற்றி வரும் இழிசொல் மூலத்திலேயே உள்ளது. அதை மென்மையாக்குதல் மொழிபெயர்ப்பாளர்க்கு உரியதன்று. மூலத்தில் இல்லாத காழ்ப்பைச் சேர்ப்பது எவ்வளவு பிழையோ, உள்ளதை மறைப்பதும் அவ்வளவு பிழையே. முன்னது மறுப்பாளரை ஏமாற்றும். பின்னது நம்பிக்கையாளரை ஏமாற்றும்.

முடிவுரை

ஒரு மூலச்சொல்லுக்கு எங்கும் ஒரே பெறுமொழிச்சொல் என்பது நடைமுறைக்கு ஒவ்வாத விதி. சூழல் வேறுபடுமிடத்துச் சொல்லும் வேறுபடலாம். ஆனால் வேறுபடுவது பொருட்சூழலா, அல்லது பேசப்படுவோர்மீது மொழிபெயர்ப்பாளர் கொண்ட மதிப்பா என்பதே உரைகல். ‘ஆசாரியன் - பூஜாசாரி’ இணை இவ்வுரைகல்லில் நிற்கவில்லை, ‘பலிபீடம்’ நிற்கிறது.

நாவலர் எழுப்பிய வினாவுக்கு ஏற்பும் மறுப்பும் இன்றும் உண்டு. அவற்றுள் எது சரி என்பதைத் தீர்ப்பது மொழிபெயர்ப்பாளரின் பணியன்று. வாதிடும் இருதரப்பாரும் ஒரே சான்றைக் கண்டு வாதிட இடந்தருவதே அவர் பணி. மூலத்தில் இருவர்க்கும் பொதுவாய் நின்ற சொல்லைத் தமிழிலும் பொதுவாய் நிறுத்தினால், டெலானிபூரில் தமிழும் இந்தியும் ஒப்பிட்டுப் படிப்பவர்க்கும் யாழ்ப்பாணத்துச் சைவர்க்கும் மறைநூல் கூறுவது யாது, மொழிபெயர்ப்பு கூறுவது யாது என்பது புலப்படும். இனிவரும் திருத்தக் குழுக்கள் சொல்லடைவோடு அமையாமல், மூலச்சொல் ஒவ்வொன்றும் யாரைச் சுட்டுமிடத்து எத்தமிழ்ச்சொல் பெற்றது என்னும் பட்டியலையும் உடன்வைத்துப் பணிபுரிதல் வேண்டும்.