மனவடுவும் மெய்ப்பாடும்

யாழ்ப்பாணத்து உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் 1993-இல் வெளியிட்ட நூலின் பெயர் ‘மனவடு’. போர் முதலிய பேரிடர்களால் உள்ளத்தில் நிலைத்துவிடும் ஊற்றினை அப்பெயர் குறிக்கும். இச்சொல் தான் குறிக்கும் பொருளுக்கு எத்துணைப் பொருந்துகின்றது என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

வடு என்பது உடலில் நிலைத்த தழும்பு. வள்ளுவர் ஆறும் ஊற்றைப் புண் என்றும், நாவினால் விளைந்து ஆறாது நிற்பதை வடு என்றும் வேறுபடுத்தினார். ஆதலின் நீங்காத துயர்க்கு வடு எனப் பெயரிட்டது மரபு தழுவியதே. இடர்ப்பாடு ‘மனம்’ என்னும் அடையில் உள்ளது. பீட்டர் லெவின் 1997-இலும், பெசல் வான் டெர் கோல்க் 2014-இலும் வெளியிட்ட நூல்கள், அத்துயர் மூச்சிலும் தசையிலும் நெஞ்சத் துடிப்பிலும் தங்குவதை வற்புறுத்தின. தயா சோமசுந்தரமும் மூச்சுப் பயிற்சி, தசைத் தளர்ச்சி, மந்திரம் உருவேற்றல் ஆகியவற்றைச் சிகிச்சையிற் கையாண்டார். பெயர் மனத்தைச் சுட்ட, செயல் உடலினின்று தொடங்குகின்றது.

இவ்விடைவெளியை நிரப்ப வல்லது மெய்ப்பாட்டியல். அச்சமுற்றவன்பால் நிகழும் அச்சம் அவன் உடலின் வேறுபாட்டால் காண்போர்க்குப் புலனாதலே மெய்ப்பாடு என்பது இளம்பூரணர் உரையின் கருத்து. எண்வகை மெய்ப்பாடுகளை அடுத்துத் தொல்காப்பியர் தொகுத்த முப்பத்திரண்டனுள் வெரூஉதல், கனவு, அரற்று, உயிர்ப்பு, வியர்த்தல், நடுக்கு என்பன உள. பேரிடர் கண்டோரிடம் இன்றைய மருத்துவர் தேடும் குறிகள் பலவும் இவையே.

இதுகொண்டு தொல்காப்பியர் இம்மருத்துவத்தை முன்னரே அறிந்தார் எனக் கூறுதல் பொருந்தாது. அவர் வகுத்தது செய்யுளின் இலக்கணம். நோயின் இலக்கணம் அன்று. மெய்ப்பாடு காண்போனை நோக்கியது. சிகிச்சையோ உற்றவனே தன் உடலை உணர்தலை நோக்கியது. அச்சிகிச்சை முறைகளுள் சிலவற்றிற்கு ஆய்வுச் சான்றும் இன்னும் போதிய அளவு இல்லை.

எனினும் பயன் ஒன்று உண்டு. திருப்பூர்க் காதர்பேட்டைக் கடைவீதியிலும் துயருற்றோர் ‘நெஞ்சு அடைக்குது’, ‘வயிறு எரியுது’ என்றே மொழிவர். உடற்பிணி இல்லை எனக் கண்ட மருத்துவர், “எல்லாம் மனத்தில்தான்” என்பாராயின், தாம் பொய்யுரைப்பதாக அவர் கருதினார் என்றே அன்னோர் கொள்வர். அவர்தம் மொழியை மெய்ப்பாடாகக் கொள்வார்க்கு அது பொய்யும் ஆகாது. வெறும் உவமையும் ஆகாது. மனவடு என்னும் சொல் நிற்க. அதனை விளக்குமிடத்து மெய்ப்பாட்டையும் உடன் வைத்து விளக்குதல் தமிழ்த்துறையும் மருத்துவத்துறையும் கூடி ஆற்றத்தக்க கடனாம்.