வாசல்வரை வந்த மாத்திரை

2020-ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் ‘ஸ்டெப்ஸ்’ என்ற கணக்கெடுப்பு நடந்தது. வயது வந்தோரில் 33.9 சதவீதம் பேருக்கு உயர் ரத்த அழுத்தமும், 17.6 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோயும் இருப்பதாக அது சொன்னது. மூன்று பேரில் ஒருவருக்குப் பிரஷர் என்பதே பெரிய செய்திதான். ஆனால் வயிற்றைக் கலக்கும் எண் அதற்கடுத்த வரியில் இருந்தது. பிரஷர் உள்ளவர்களில் அது கட்டுக்குள் இருந்தது 7.3 சதவீதம் பேருக்குத்தான். சர்க்கரைக்கு 10.8.

தெருவுக்குத் தெரு மருந்துக்கடை உள்ள மாநிலம் இது. 1994-இல் தொடங்கிய மருத்துவப் பணிகள் கழகம் மருந்துகளை மொத்தமாகக் கொள்முதல் செய்து அரசு மருத்துவமனைகளுக்கு அனுப்பிவருகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரைக்குக் காசு கிடையாது. மருந்தும் இருந்தது, மருத்துவரும் இருந்தார். அப்படியிருந்தும் பிரஷர் உள்ள நூறு பேரில் தொண்ணூற்று மூன்று பேருக்கு அது அடங்காமல் இருந்தது ஏன்?

பொது சுகாதாரத் துறையின் பழைய வெற்றிகளைப் பார்த்தால் விடை கொஞ்சம் புலப்படும். நாட்டிலேயே முன்னோடியான பொது சுகாதாரச் சட்டம் 1939-இல் சென்னை மாகாணத்தில் வந்தது. கிண்டி கிங் நிலையத்தில் அம்மைத் தடுப்புமருந்து தயாரானது. பின்னர் போலியோ சொட்டு மருந்து நாட்களில் பேருந்து நிலையம் முதல் கோயில் வாசல்வரை முகாம்கள் நடந்தன. 2014-இல் இந்தியா போலியோ இல்லாத நாடாகச் சான்று பெற்றது. அந்த நோய்த்தடுப்பு எல்லாம் ஓர் ஊசியில், சில சொட்டுகளில் முடிந்துவிடும் காரியம். குழந்தை அழுது ஓய்வதற்குள் வேலை முடிந்தது.

பிரஷர் அப்படி முடிவதில்லை. வலிக்காது, காய்ச்சல் வராது. ஒரு மாதம் மாத்திரை போட்டதும் தலைசுற்றல் நின்றால், நோய் போய்விட்டது என்றுதான் யாருக்கும் தோன்றும். அடுத்த மாத மாத்திரைக்கு ஒரு நாள் கூலியை விட்டு, பஸ் ஏறி, வரிசையில் நிற்க வேண்டும். உடம்பில் ஒன்றும் தெரியாதபோது அந்த ஒரு நாள் கூலிதான் பெரிதாகத் தெரியும். இதை நோயாளியின் அலட்சியம் என்று சொல்லிவிட்டுப் போவது நியாயமில்லை. முன்னூறு, நானூறு ரூபாய்க்கு வேலைக்குப் போகிறவர் சரியாகவே கணக்குப் போடுகிறார். அவருடைய சிறுநீரகம் போடும் கணக்கு மட்டும் அவர் கண்ணில் படுவதில்லை.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் உண்மையான பலம் இந்த இடத்தைத் தொட்டதில்தான் இருக்கிறது. மகளிர் சுய உதவிக் குழுக்களிலிருந்து வந்த தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய் பிரஷரும் சுகரும் பார்க்கிறார்கள். ஏற்கெனவே மருந்து சாப்பிடுபவர்களுக்கு மாத்திரையை வாசலிலேயே தருகிறார்கள். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வலித்தணிப்புச் செவிலியரும் இயன்முறை மருத்துவரும் வருகிறார்கள். வருபவர் பெரும்பாலும் அதே ஊர்ப் பெண். “அக்கா, போன மாசத்து மாத்திரை இன்னும் அட்டையிலேயே இருக்கே?” என்று கேட்கும் உரிமை அவருக்கு இருக்கிறது. இரண்டு நிமிடத்தில் சீட்டு எழுதி அனுப்பும் மருத்துவருக்கு அந்த அட்டையைப் பார்க்கும் வாய்ப்பே கிடையாது.

பலன் தெரிகிறது. 2023–24-இல் நடந்த இரண்டாம் சுற்றுக் கணக்கெடுப்பில் பிரஷர் கட்டுக்குள் இருப்போர் 17 சதவீதமாகவும், சர்க்கரை கட்டுக்குள் இருப்போர் 16.7 சதவீதமாகவும் உயர்ந்திருந்தனர். இடையில் வேறு பல மாற்றங்களும் நடந்ததால் உயர்வு முழுவதையும் ஒரே திட்டத்தின் கணக்கில் எழுத முடியாது. என்றாலும் பிரஷர் கட்டுப்பாடு இரு மடங்குக்கும் மேலாகக் கூடியது சாதாரண விஷயமில்லை. 2024-இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் கிடைத்தது.

அதே 17 சதவீதத்தை மறுபக்கமிருந்தும் பார்க்க வேண்டும். ஆறு பேரில் ஐந்து பேருக்கு இன்னும் கட்டுக்குள் வரவில்லை. திட்டத்தைப் பற்றிய அறிவிப்புகளில் எத்தனை லட்சம் பேரைச் சந்தித்தார்கள், எத்தனை வீடுகளுக்குப் போனார்கள் என்ற எண்கள்தான் முன்னே நிற்கின்றன. சந்தித்ததில் எத்தனை பேருக்குப் பிரஷர் 140-க்குக் கீழே இறங்கியது என்பதை வட்டாரவாரியாக மாதாமாதம் வெளியிட்டால், எந்த ஊரில் மாத்திரை வேலை செய்கிறது, எந்த ஊரில் வெறும் அட்டையாகக் கிடக்கிறது என்று தெரிந்துவிடும். கருவி கையில் இருக்கிறது, அளவும் எடுக்கப்படுகிறது. தலைப்புச் செய்தியாக எந்த எண் வர வேண்டும் என்பதை மட்டும் மாற்றினால் போதும்.

இன்னொரு ஓட்டை, பகல் பதினொரு மணிக்கு யார் வீட்டில் இருப்பார்கள் என்பது. பெண்களும் முதியவர்களும் இருப்பார்கள். மாரடைப்பு வரும் வயதை நெருங்கும் நாற்பது வயது ஆண் லாரியிலோ கட்டட வேலையிலோ கம்பெனியிலோ இருப்பார். இதை அரசும் உணர்ந்துதான் 2024 ஜனவரியில் ‘தொழிலாளரைத் தேடி மருத்துவம்’ கொண்டுவந்தது. பதிவேடும் வருகைப் பதிவும் உள்ள தொழிற்சாலைக்கு அது பொருந்தும். தினமும் இடம் மாறும் கொத்தனாரை எந்த வாசலில் தேடுவது என்பதற்கு இன்னும் பதில் இல்லை.

வாசல் வாசலாக நடக்கும் பெண்ணின் நிலையையும் பேசாமல் விட முடியாது. தொடக்கத்தில் அவருக்கு மாதம் 4,500 ரூபாய்தான் ஊக்கத்தொகை. தன்னார்வலர் என்ற பெயரைக் கொடுத்துவிட்டதால் சம்பளம் என்ற சொல்லே அங்கு எழவில்லை. ஒரு மாநிலத்தின் இதய நோய்த் தடுப்பு இவர்கள் காலில் நிற்கிறது. இவர்கள் வேறு வேலை தேடிப் போனால் அந்த ஊரின் மாத்திரைச் சங்கிலி அறுந்துவிடும். நோய்த்தடுப்பு மலிவானது என்று நாம் சொல்லும்போது, அந்த மலிவில் ஒரு பங்கு இந்தப் பெண்களின் உழைப்பைக் குறைத்து மதிப்பிட்டதால் வந்தது.

இவற்றையெல்லாம்விடப் பெரிய குறை வேறொன்று. பெயர் என்னவோ நோய்த்தடுப்பு. வேலை தொடங்குவதோ நோய் வந்த பிறகு. மாத்திரை, பக்கவாதத்தையும் சிறுநீரகச் செயலிழப்பையும் தடுக்கும்; அது பெரிய உதவிதான். சர்க்கரை நோயே வராமல் தடுக்க என்ன செய்வது? இதற்கான சான்றை வெளிநாட்டில் தேட வேண்டியதில்லை. சென்னையில் டாக்டர் ஏ.ராமச்சந்திரன் குழு, சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2006-இல் வெளியானது. வழக்கம்போல் விடப்பட்டவர்களில் மூன்று ஆண்டுகளில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை வந்தது. உணவிலும் நடைப்பயிற்சியிலும் தொடர்ந்து வழிகாட்டப்பட்டவர்களில் 39.3 சதவீதம் பேருக்குத்தான் வந்தது. மெட்ஃபார்மின் மாத்திரை கொடுத்த குழுவிலும் ஏறத்தாழ இதே அளவுதான். அதாவது, அரிசியைக் குறைத்து வேகமாக நடப்பதற்கு ஒரு மாத்திரையின் பலம் இருக்கிறது. அதே குழு 2013-இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வில், விளிம்பில் இருந்த, வேலைக்குப் போகும் ஆண்களுக்குக் கைபேசியில் குறுஞ்செய்தி அனுப்பினார்கள். இரண்டு ஆண்டு முடிவில் செய்தி பெற்றவர்களில் 18 சதவீதம் பேருக்கும், பெறாதவர்களில் 27 சதவீதம் பேருக்கும் சர்க்கரை வந்திருந்தது. பகலில் வீட்டில் சிக்காத அந்த ஆணைப் பிடிக்க ஒரு வழி பத்தாண்டுகளுக்கு முன்பே இங்கே சோதித்துப் பார்க்கப்பட்டுவிட்டது.

இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடி, விளிம்பில் இருப்பவர்கள் 13.6 கோடி என்று 2023-இல் வெளியான ஐசிஎம்ஆர்–இண்டியாப் ஆய்வு மதிப்பிட்டது. நோயாளிகளைவிட விளிம்பில் நிற்கும் கூட்டமே பெரிது.

விளிம்பைக் கண்டுபிடிக்க ‘மாஸ்டர் செக்கப்’ இருக்கிறதே என்று வசதியுள்ளவர்கள் கேட்கலாம். ஆண்டுக்கொரு முறை எல்லாச் சோதனையும் செய்துகொள்வது உயிரைக் காக்கும் என்ற நம்பிக்கை வலுவாக இருக்கிறது. ஆனால் இரண்டரை லட்சம் பேரை உள்ளடக்கிய ஆய்வுகளைத் தொகுத்த 2019-ஆம் ஆண்டின் காக்ரேன் மதிப்பாய்வு, பொதுவான உடல் பரிசோதனைகள் இறப்பைக் குறைத்ததாகக் காணவில்லை. தேடினால் ஏதாவது கிடைக்கும் என்பதே ஆபத்தாகவும் முடியும். தென்கொரியாவில் ஸ்கேன் வசதி பெருகியபோது 2011-இல் தைராய்டு புற்றுநோய் கண்டறியப்பட்ட விகிதம் 1993-இல் இருந்ததைப்போல் 15 மடங்காகியது. அதனால் இறந்தவர்களின் விகிதம் மாறவே இல்லை. தொல்லை தராமலே இருந்திருக்கக்கூடிய கட்டிகளுக்காகப் பலர் தைராய்டு சுரப்பியை இழந்தார்கள். பிரஷர், சுகர் என்று பலன் உறுதியான சிலவற்றை மட்டும் பார்த்து, பின்தொடர்ந்து வரும் தன்னார்வலரின் பை, முப்பது பக்க அறிக்கையைவிட மேலானது.

அந்தப் பையால் ஆகாத காரியமும் உண்டு. பள்ளிக்கூட வாசலில் ஐந்து ரூபாய்க்குக் கிடைக்கும் உப்பு மிகுந்த நொறுக்குத்தீனிப் பொட்டலத்தோடு அதனால் போட்டியிட முடியாது. 2016-இல் சிலி நாடு சர்க்கரையும் உப்பும் மிகுந்த பொட்டலங்களில் கறுப்பு எண்கோண எச்சரிக்கையை அச்சிட வைத்தது. பள்ளிகளில் அவற்றின் விற்பனைக்கும் குழந்தைகளுக்கான விளம்பரத்துக்கும் கட்டுப்பாடு வந்தது. எச்சரிக்கை பெற்ற பானங்களை மக்கள் வாங்குவது கிட்டத்தட்ட கால்வாசி குறைந்தது. சட்டம் போட்டால் இங்கும் நடக்கும். 2022 ஜனவரியிலிருந்து எண்ணெய், வனஸ்பதியில் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றானது. யாருக்கும் அறிவுரை சொல்லாமலே வடைச் சட்டியில் ஒரு நஞ்சு குறைய வழி பிறந்தது.

தன்னார்வலர் ஒரு வீட்டுக்குள் நுழைகிறார் என்று வைத்துக்கொள்வோம். பாட்டிக்குப் பிரஷருக்கான அம்லோடிபின், தாத்தாவுக்குச் சர்க்கரைக்கான மெட்ஃபார்மின். இரவு வேலை முடித்துவந்த முப்பது வயதுப் பேரனின் விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை எல்லையை ஒட்டி நிற்கிறது. அவனுக்குத் தர அவர் பையில் எதுவும் இல்லை. உட்கார்ந்து பத்து நிமிடம் பேச வேண்டும், அடுத்த மாதமும் வந்து பேச வேண்டும். அதற்குப் பயிற்சியும் நேரமும் ஊதியமும் இன்னும் ஒதுக்கப்படவில்லை. அவர் அடுத்த வாசலுக்குப் போகிறார்.