ஓதுகிறார்கள், படிக்கிறார்கள், வாசிக்கிறார்களா?

ஒக்டோபர் பிறந்தால் எங்கள் பாடசாலை வாயில்களில் ஒரு பதாகை ஏறிவிடும். தேசிய வாசிப்பு மாதம். வாசிப்பு மனிதனை என்ன ஆக்கும் என்பது பற்றிப் பிரான்சிஸ் பேக்கன் சொன்ன அந்த ஒரே வாக்கியம்தான் ஒவ்வோர் ஆண்டும் அதில் இருக்கும். 1597இல் வெளிவந்த கட்டுரையில் பேக்கன் அதை அங்கேயே நிறுத்திக்கொள்ளவில்லை. பேசிப் பழகுவது மனிதனை என்ன ஆக்கும், எழுதிப் பழகுவது என்ன ஆக்கும் என்பதையும் அதே மூச்சில் சொன்னார். பதாகையில் முதல் பாதிக்குத்தான் இடம் கிடைத்தது. வாசித்ததைப் பற்றிப் பிள்ளையோடு பேசுவதும், பிள்ளையை எழுத விடுவதும் எங்கள் வகுப்பறைகளில் இருந்தும் அப்படியே விழுந்துபோயின.

பதாகைக்குக் கீழே நடக்கும் கூட்டத்தில் ஒருவர் 'இக்ரஃ' பற்றிப் பேசுவார். இன்னொருவர், "போன் வந்து எல்லாத்தையும் கெடுத்துட்டு" என்பார். பிறகு பேச்சுப் போட்டி, கட்டுரைப் போட்டி, பரிசு. மாதம் முழுக்க வாசிப்பைப் பற்றிப் பேச்சு நடக்கும். வாசிக்க நேரம் கிடைக்காது.

போனைக் குற்றம் சொல்வதில் எனக்கு அவ்வளவு உடன்பாடில்லை. போன் வர முந்தி எங்கள் ஊர்களில் பிள்ளைகள் விழுந்து விழுந்து வாசித்தார்களா? முத்து கொமிக்ஸும் அம்புலிமாமாவும் கைமாறிய வீடுகள் இருந்தன, உண்மை. ஆனால் அந்த வீடுகளிலேயே "கதைப் புத்தகத்த வச்சிட்டுப் படி" என்ற அதட்டலும் இருந்தது. அந்த அதட்டலைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கையில் புத்தகம் இருக்கிற பிள்ளையிடம்தான் 'படி' என்கிறோம். எங்கள் பேச்சில் படிப்பது வேறு, வாசிப்பது வேறு. முஸ்லிம் வீடுகளில் மூன்றாவதாக ஒன்று உண்டு, ஓதுவது. அரபியில் அந்த ஒரு வினைச்சொல் ஓதுவதையும் வாசிப்பதையும் சேர்த்தே குறிக்கும். நாங்கள் இரண்டாக்கினோம். ஓதுவதற்கு நன்மை உண்டு, படிப்பதற்குப் பெறுபேறு உண்டு. இடையில் நிற்கும் வாசிப்புக்கு எதுவும் இல்லை. கூலி கிடைக்காத வேலையைப் பிள்ளை செய்யாமல் விட்டால் பிள்ளையில் என்ன பிழை?

நான் தரம் ஆறுக்குத் தமிழ் எடுப்பவள். ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை முடிந்து, ஏழெட்டு மாதம் டியூசனில் மாதிரி வினாத்தாள்களில் கிடந்து வரும் பிள்ளைகள். அவர்களில் சிலர் பல்தேர்வு வினாவில் சரியான விடைக்குக் கோடு போடுவார்கள். அதே பந்தியைச் சத்தமாக வாசிக்கச் சொன்னால் 'கொக்கு' என்ற சொல்லில் நின்றுவிடுவார்கள். 247 எழுத்தும் கரும்பலகையில் வரிசையாக இருந்தால் ஒப்பிப்பார்கள். வரிசை குலைந்தால் போச்சு. ஒலியில் பின்னால் வருகிற உயிர், எழுத்தில் முன்னால் வந்து நிற்கிறது: கெ, கே, கை. சில வேளை இரண்டு பக்கமும் நிற்கிறது: கொ, கோ. பெரியவர்களுக்கு இது தெரியவே தெரியாது, கண் பழகிவிட்டது. சின்னப் பிள்ளைக்கு இது பெரிய கணக்கு. இந்தக் கணக்கை அவிழ்க்க ஒவ்வொரு பிள்ளையும் தனித்தனியே, பலமுறை, ஒரு பெரியவர் கேட்டுக்கொண்டிருக்க வாசிக்க வேண்டும். நாங்கள் செய்வது என்ன? முப்பத்தைந்து பேரும் கோரசாக. முன் வாங்கில் இருக்கிற ஆறு பேர் வாசிக்க, மற்றவர்கள் அரை நொடி பிந்தி வாயசைக்கிறார்கள். சத்தம் நன்றாகத்தான் இருக்கும். மேற்பார்வைக்கு வருபவர்களுக்கும் திருப்தி.

இங்கே குர்ஆன் மதரஸாவைப் பற்றி ஒரு சொல். மதரஸாவில் பொருள் தெரியாமல் ஓதிப் பழகியதால்தான் எங்கள் பிள்ளைகள் தமிழையும் பொருள் தெரியாமல் வாசிக்கிறார்கள் என்று ஆசிரியர் கூட்டங்களில் சொல்லக் கேட்டிருக்கிறேன். கெட்டித்தனமான வாதம் போலத் தெரியும், ஆனால் நிற்காது. மதரஸாவுக்கே போகாத பிள்ளையும் 'கொக்கு'வில் நிற்கிறதே. மதரஸாவில் நடப்பதை நின்று பார்த்தால் நாங்கள் வெட்கப்பட வேண்டியிருக்கும். அஸருக்குப் பிறகு போகும் ஒவ்வொரு பிள்ளையும் தன் முறை வர, உஸ்தாதுக்கு முன்னால் தனியே இருந்து 'பாடம் கொடுக்கிறது'. நேற்று எங்கே விட்டதோ அங்கிருந்துதான் இன்றைக்குத் தொடக்கம். பக்கத்தில் இருக்கும் பிள்ளை ஐந்து பக்கம் முன்னால் நிற்கலாம், யாரும் அதைப் பொருட்படுத்துவதில்லை. பிழைத்தால் அந்த இடத்திலேயே திருத்தம். பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கிறது. முடித்தால் ஹத்தம், வீட்டில் இனிப்பு, சொந்தக்காரர்களுக்குச் சந்தோஷம். தனிப்பட்ட கவனிப்பு, சொந்த வேகம், தினப் பழக்கம், முடித்ததற்குக் கொண்டாட்டம் என்று பயிற்சிப் பட்டறைகளில் எங்களுக்குச் சொல்லித்தரப்படும் எல்லாம் அந்தப் பாயில் ஏற்கனவே இருக்கிறது. இல்லாதது பொருள் மட்டும்தான். ஒரு பிள்ளை முதன்முதலாக ஒரு தமிழ்க் கதைப் புத்தகத்தைத் தனியே வாசித்து முடித்தால், அதற்கு ஒரு தட்டு வட்டிலப்பம் செய்த வீட்டை நான் இன்னும் காணவில்லை.

இனிப் புத்தகங்கள். வாசிக்கக் கற்ற பிள்ளை எதை வாசிப்பது?

1935இல் யாழ்ப்பாணத்தில் 'பிள்ளைப்பாட்டு' என்ற தொகுதி வெளிவந்தது. கல்வி அதிகாரியாக இருந்த தி. சதாசிவ ஐயரின் முயற்சி அது. நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் சிறுவர் பாடல்களும் ஏறக்குறைய அந்தக் காலத்துப் பயிர். அவருடைய 'ஆடிப்பிறப்பு' பாடலை வகுப்பில் எடுத்தால் முஸ்லிம் பிள்ளைகளும் வாயில் நீர் ஊறப் பாடுகிறார்கள். அவர்களுடைய வீட்டில் ஆடிக் கூழ் இல்லை, ஆடிப்பிறப்பும் இல்லை. இருந்தும் ஏன் பிடிக்கிறது? அந்தப் பாட்டு யாருக்கும் புத்தி சொல்லவில்லை. விடுமுறை, கூட்டாளிகள், பலகாரம், அவ்வளவுதான். 'கத்தரித் தோட்டத்து வெருளி'யும் அப்படியே. தோட்டத்தில் ஒரு வெருளி நிற்கிறது, பார்க்க வேடிக்கையாக இருக்கிறது.

எங்களிடம் ஏன் ஒரு நோன்புக் கஞ்சிப் பாட்டு இல்லை? பள்ளிவாசலுக்கு வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடுவதும், வரிசையில் இடித்துக்கொள்வதும், வீட்டுக்கு வரும் வழியில் பாதிக் கஞ்சியைக் காலில் ஊற்றிக்கொள்வதும் வன்னியிலும் புத்தளத்திலும் காத்தான்குடியிலும் எந்தப் பிள்ளைக்கும் தெரிந்த காரியம். எங்கள் சிறுவர் தொகுதிகளில் நான் காண்பது அதிகமும் கடமைப் பாட்டுகள்: அதிகாலை எழு, உண்மை பேசு, பெற்றாரை மதி, நேரத்தை வீணாக்காதே. எல்லாம் நல்ல விசயம்தான். ஆனால் இதைக் கேட்கப் பிள்ளைக்கு உம்மாவும் வாப்பாவும் உஸ்தாதும் அதிபரும் போதும், கவிஞரும் எதற்கு? சிறுகதைகளிலும் இதே நிலை. முதல் பக்கத்தில் ஒரு பிள்ளை பொய் சொன்னால், நாலாம் பக்கத்தில் அது அழுது மன்னிப்புக் கேட்கும் என்று வாசிக்கிற பிள்ளைக்கு இரண்டாம் பக்கத்திலேயே தெரிந்துவிடுகிறது. முடிவு தெரிந்த பந்தயத்தை யார் நின்று பார்ப்பார்கள்?

இது எங்கள் மரபும் அல்ல. சித்திலெப்பை 1885இல் எழுதிய 'அஸன்பே சரித்திரம்' ஈழத்தின் முதல் தமிழ் நாவலாகப் பொதுவாகக் கொள்ளப்படுவது. அது எகிப்தில் களவு போன ஒரு குழந்தை இந்தியாவில் வளர்ந்து, ஆபத்துகளைக் கடந்து, சொந்தக் குடும்பத்தைச் சேர்கிற கதை. சீர்திருத்தவாதி, சட்டத்தரணி, பாடசாலைகள் அமைக்கப் பாடுபட்டவர். அப்படிப்பட்டவர் கதை எழுத உட்கார்ந்தபோது சாகசம்தான் எழுதினார். அதற்கும் முந்தி வீட்டில் மூத்தம்மாமார் அரபுத்தமிழில் அச்சான மாலைகளையும் மசலாக்களையும் இராகம் போட்டு வாசித்தார்கள், பிள்ளைகள் மடியில் கிடந்து கேட்டார்கள். அந்தப் பெண்களில் பலருக்குக் கையெழுத்துப் போட வராது. பள்ளிக்கூடக் கணக்கில் அவர்கள் எழுத்தறிவில்லாதவர்கள். வாசிப்பு அந்த மடியில் ஒரு பிள்ளைக்கு இன்பமாகத்தான் அறிமுகமானது.

மொழி விசயம் இன்னும் நுணுக்கமானது. இந்தியாவில் அச்சான ஒரு படக்கதையை வகுப்பில் வாசித்தோம். காலையில் எழுந்த பையன் பையை மாட்டிக்கொண்டு 'பள்ளிக்கு'ப் போகிறான். ஒரு பிள்ளை கையைத் தூக்கியது. "டீச்சர், பள்ளிக்கு ஏன் பேக்? வுழு செஞ்சிட்டா போறான்?" வகுப்பே சிரித்தது. எங்களுக்குப் பள்ளி என்றால் பள்ளிவாசல். பாடசாலையை ஸ்கூல் என்போம். அந்தச் சிரிப்பு நல்ல சிரிப்பு, அன்றைக்கு ஒரு நல்ல பாடமும் நடந்தது. ஆனால் எல்லாப் பிள்ளையும் கை தூக்குவதில்லை. புத்தகத்து மொழி வேறு யாருடையதோ என்று சத்தமில்லாமல் முடிவு கட்டிவிடுகிற பிள்ளைகள்தான் கூட. எங்கள் பாடநூல்களில் இப்போது ஃபாத்திமாவும் நிஸாரும் வருகிறார்கள், அதை மறுக்கக் கூடாது. அவர்கள் வாய் திறந்தால் அகராதிதான் பேசுகிறது. உம்மா, ராத்தா, சாச்சி என்ற சொற்கள் வந்தால் இலக்கியத் தரம் குறைந்துவிடும் என்ற அச்சம் எங்கள் எழுத்தாளர்களிடமே இருக்கிறது.

வைக்கம் முகம்மது பஷீருக்கு அந்த அச்சம் இருக்கவில்லை. 1951இல் வந்த 'எங்க உப்பப்பாவுக்கொரு ஆனையிருந்தது' நாவலில், ஆனைப் பெருமை பேசும் வீட்டில் எழுத்தறியாமல் வளர்ந்த குஞ்ஞுபாத்தும்மாவுக்குப் பக்கத்து வீட்டு ஆயிஷா எழுத்துச் சொல்லிக் கொடுக்கிறாள். எழுத்தறிவைப் பற்றி முஸ்லிம் வீட்டுக்குள் இருந்து எழுதப்பட்ட இதைவிட நல்ல கதை எனக்குத் தெரியாது. அதில் பிரசங்கம் தலைகாட்டும் இடத்தில் சிரிப்பு முந்திக்கொள்கிறது. 'பாத்துமாவின் ஆடு' இன்னும் ஒரு படி மேல். எழுத்தாளர் எழுதிய புத்தகத்தையே ஆடு தின்கிறது. தமிழில் கிடைக்கிறது. முழுவதும் சிறு பிள்ளைகளுக்கு ஏற்றதல்ல, ஆடு வரும் பகுதிகளை வாசித்துக் காட்டலாம். ஏழாம் தரத்துக்கு நான் வாசித்துக் காட்டியிருக்கிறேன். "பிறகு என்ன தின்டது டீச்சர்?" என்று மறுநாள் வாயிலிலேயே மறித்தார்கள்.

வன்னியில் இருந்துகொண்டு புத்தகத்தைப் பற்றி எழுதும்போது ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. ஒக்டோபர் எங்களுக்கு வேறொன்றுக்கும் மாதம். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது தண்ணீரூற்றிலும் நீராவிப்பிட்டியிலும் இருந்து போனவர்கள் உயிரையும் சிறு பொதியையும்தான் கொண்டுபோனார்கள். 2009இல் முள்ளிவாய்க்கால் வரை ஓடிய தமிழ்ச் சனங்களும் வீட்டையும் அலுமாரியையும் விட்டுத்தான் ஓடினார்கள். 1981இல் எரிந்த யாழ்ப்பாண நூலகத்தின் ஏறத்தாழ 97,000 நூல்களுக்கு ஒரு கணக்காவது உண்டு. வீட்டு அலுமாரிகளுக்குக் கணக்கு எடுத்தவர் யாரும் இல்லை. புத்தளத்தில் பிறந்து, வாப்பாவின் ஊர் என்று முல்லைத்தீவுக்குத் திரும்பிய பிள்ளைக்கும், முகாமில் எழுத்துப் பழகிய தாய்க்குப் பிறந்த பிள்ளைக்கும், வீட்டில் பழைய புத்தகம் ஒன்றைத் தற்செயலாகக் கண்டெடுக்கும் அதிர்ஷ்டம் இல்லை. அவர்களுக்குப் பாடசாலைதான் ஒரே அலுமாரி.

அந்த அலுமாரி பூட்டியிருக்கிறது. நான் முன்பு படிப்பித்த ஒரு பாடசாலையில் நன்கொடையாக வந்த வண்ணப் படப் புத்தகங்கள் கண்ணாடிக்குள் அழகாக இருந்தன. கிழிந்தால் இருப்புப் பதிவேட்டில் யார் பதில் சொல்வது என்ற பயம். இந்தப் பயத்தை நான் முழுதாகப் பழிக்கவில்லை. கணக்காய்வில் தலைகுனிந்து நிற்பது பொறுப்பாசிரியர்தான். கிழிந்த சிறுவர் நூலைத் தேய்மானமாக எழுதிவிட இலகுவான ஒரு வழியை வலயக் கல்வி அலுவலகங்கள் செய்துகொடுத்தால், பத்துப் பட்டறை வைப்பதை விடப் பயன் இருக்கும்.

புத்தகமே இல்லை என்ற நிலையும் இப்போது முன்பு போல் இல்லை. ரூம் டு ரீட் நிறுவனம் 2005 முதல் இலங்கையில் இயங்கி, சிங்களத்திலும் தமிழிலும் படக்கதைகள் வெளியிட்டிருக்கிறது. பெங்களூரின் பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவரில் தமிழ்க் கதைகள் படி நிலை பிரித்து இலவசமாகக் கிடைக்கின்றன. யாரும் மாற்றி எழுதலாம், அச்செடுக்கலாம். 'பள்ளி'யை 'ஸ்கூல்' ஆக்க நாங்கள் யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை. போனைத் திட்டுகிறவர்கள் அந்தப் போனிலேயே இதைத் திறந்து ஒரு கதையை வாசித்துக் காட்டலாம்.

எப்படி வாசிக்க விடுவது என்பதில் ஜப்பானிய ஆசிரியர் ஒருவர் 1988இல் ஃபுனபாஷி நகரப் பாடசாலை ஒன்றில் தொடங்கிய காலை வாசிப்பு எனக்குப் பிடித்தது. முதல் பாடத்துக்கு முன் பத்து நிமிடம். எல்லோரும் வாசிப்பார்கள், ஆசிரியரும்கூட. தினமும். விரும்பிய புத்தகம். வாசித்தால் போதும், குறிப்பெழுத வேண்டாம். அந்தக் கடைசிச் சலுகைதான் எங்களுக்குக் கசக்கும். நாங்கள் நூலின் பெயர், ஆசிரியர், பதிப்பகம், கதைச் சுருக்கம், பெற்ற படிப்பினை என்று கட்டம் போட்ட கொப்பியில்லாமல் ஒரு புத்தகத்தையும் பிள்ளையிடம் கொடுப்பதில்லை. பிள்ளை கொப்பிக்காகப் பின்னட்டையை வாசிக்கக் கற்றுக்கொள்கிறது. குஜராத்தின் கிஜுபாய் பதேகா 1930களில் எழுதிய 'பகல் கனவு' தமிழிலும் உண்டு. எங்கள் ஆசிரிய கலாசாலைகளில் எல்லோரும் வாசிக்க வேண்டிய நூல். அதில் வரும் ஆசிரியர் அடங்காத வகுப்புக்கு முதலில் கொடுப்பது ஒரு கதை. அது சூடுபிடிக்கும் இடத்தில் நிறுத்திவிடுகிறார். எங்கள் மூத்தம்மாமாரும் அப்படித்தானே, "மிச்சம் நாளைக்கு, இப்ப தூங்கு" என்று விட்டார்கள்.

எழுத்தாளர்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. சிறுவர் இலக்கியப் போட்டிகளுக்கு நடுவராகப் போகிறவர்கள், படிப்பினை என்ன என்ற நிரலுக்கு இடும் புள்ளியை ஓராண்டுக்கு நிறுத்திப் பாருங்கள். அந்தப் புள்ளியை, பிள்ளை சிரித்ததா, பயந்ததா, பக்கத்தைத் திருப்பியதா என்பதற்குக் கொடுங்கள். நடுவர் குழுவில் ஐந்தாம் தரத்துப் பிள்ளைகள் இரண்டு பேரையும் இருத்துங்கள்.

இந்தச் சஞ்சிகையின் ஆசிரியர் குழுவிடமும் ஒன்று கேட்கிறேன். ஆய்வுக் கட்டுரைகளுக்கு நடுவே ஒவ்வோர் இதழிலும் இரண்டு பக்கம் ஒதுக்குங்கள். சூடுவெந்தபுலவிலும் சாளம்பைக்குளத்திலும் நீராவிப்பிட்டியிலும் இன்னும் கதை சொல்லும் மூத்தம்மாமார் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதை அவர்களுடைய பேச்சிலேயே, உம்மா வாப்பாவை மாற்றாமல், என் மாணவிகள் எழுதித் தருவார்கள். முதல் கதை, யானைக்கு நோன்புக் கஞ்சி கொடுத்த ஒரு மனிசியைப் பற்றியது. எழுதி முடித்தாகிவிட்டது.