எதில் 35 சதவீதம்?

போயிங் நடத்திய 'ஏரோ' இதழில், 2007 கடைசிக் காலாண்டில், 787 விமானத்தின் சிஸ்டம்கள் பற்றி மைக் சின்னெட் எழுதிய கட்டுரை ஒன்று உண்டு. அப்போது 787 சிஸ்டம்களுக்குப் பொறுப்பாளர் அவர்தான். இந்தத் துறையைப் படிக்க ஆரம்பித்தபோது எனக்கு முதலில் கிடைத்ததும் அந்தக் கட்டுரைதான். போன வாரம் திரும்ப எடுத்துப் படித்தேன். முதல் தடவை தலையாட்டிய இடங்களில் எல்லாம் இப்போது கணக்கு இடிக்கிறது.

விஷயம் இதுதான். வழக்கமான ஜெட் விமானத்தில் கேபினுக்கு வேண்டிய காற்று என்ஜினிலிருந்தே வருகிறது. கம்ப்ரசர் அழுத்திய காற்றில் கொஞ்சத்தை நடுவழியில் உருவி எடுப்பார்கள். ப்ளீட் ஏர் என்று பெயர். அதில் சூடும் அதிகம், அழுத்தமும் அதிகம். அதனால் ஒரு கூலரில் ஆறவைத்து, வால்வில் அழுத்தத்தைக் குறைத்துத்தான் உள்ளே விட முடியும். எரிபொருளை எரித்து ஏற்றிய சக்தியில் ஒரு பங்கை நாமே தூக்கி எறிகிறோம். 787 இதைக் கிட்டத்தட்ட நிறுத்திவிட்டது. இரண்டு என்ஜினிலும் சேர்த்து 250 கேவிஏ ஜெனரேட்டர் நான்கு, வாலில் இருக்கும் சின்ன என்ஜினில் 225 கேவிஏ இரண்டு. வெளிக்காற்றை மின்சாரக் கம்ப்ரசர்கள் தேவையான அளவுக்கு மட்டும் அழுத்தி உள்ளே அனுப்புகின்றன.

யோசனையில் குறை சொல்ல மாட்டேன். என் சண்டை எண்களோடு.

என்ஜினிலிருந்து எடுக்கும் சக்தி 35 சதவீதம் வரை குறையும் என்கிறது கட்டுரை. இதை எடுத்துப் போடுகிற பலர், ஏதோ எரிபொருளே 35 சதவீதம் மிச்சமாகிற மாதிரி பேசுகிறார்கள். விமானத்தைத் தள்ளும் சக்தியோடு ஒப்பிட்டால் சிஸ்டம்கள் எடுப்பது கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தில்தான் இந்த 35. எரிபொருளில் கிடைப்பது ஒன்றிரண்டு சதவீதம் என்று அதே கட்டுரை சொல்கிறது, அதை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை. இன்னொன்று, 787 முதலில் பறந்ததே 2009 டிசம்பரில். ஆக இது அளந்த எண் இல்லை, எதிர்பார்ப்பு.

இதை எடைபோட ஒரு பழைய அளவுகோல் இருக்கிறது. எஸ்.ஏ.இ. அமைப்பின் 1168/8 என்ற ஆவணம், ஏர்கண்டிஷனிங்கால் விமானம் எவ்வளவு கூடுதல் எரிபொருள் சுமக்க வேண்டும் என்று கணக்குப் போடச் சொல்லித் தருகிறது. சிஸ்டத்தின் எடை, உருவிய காற்று, தண்டிலிருந்து எடுத்த சக்தி, வெளிக்காற்றை உள்ளே இழுப்பதால் வரும் இழுவை, இந்த நான்கையும் எரிபொருள் கிலோவாக மாற்றிக் கூட்டு. அவ்வளவுதான். சின்னெட் கட்டுரையை இதில் வைத்துப் பார்த்தால் காற்று, தண்டு இரண்டு பத்திக்கும் பதில் இருக்கிறது. எடைக்கு 'மொத்தத்தில் குறையும்' என்ற சொல் மட்டும்தான், பட்டியல் கிடையாது.

எடை சும்மா விஷயமா என்ன? நானே போட்டுப் பார்த்தேன். தூக்குவிசை இழுவையைப் போல 18 மடங்கு, ஒரு கிலோநியூட்டன் உந்துவிசைக்கு நொடிக்கு 16 கிராம் எரிபொருள், 10 மணி நேரப் பயணம் என்று வைத்துக்கொண்டால், கூடுதலாக ஏற்றிய 100 கிலோவைச் சுமக்க மட்டும் 37 கிலோ எரிபொருள் வேண்டும். ஒவ்வொரு பயணத்துக்கும். 787-இல் குழாய்களும் கூலர்களும் போயின, சரி. பதிலுக்கு வந்தவை? பெரிய ஜெனரேட்டர்கள், மோட்டார் கன்ட்ரோலர்கள், மின்சாரத்தை மாற்றும் பெட்டிகள். அந்தப் பெட்டிகள் சூடாவதால் அவற்றைக் குளிர்விக்கத் தனியாக ஒரு திரவக் குளிரூட்டி. இவற்றையும் கழித்துக் கூட்டினால்தானே நிகர எடை தெரியும்?

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இறக்கையில் பனி சேராமல் தடுக்க மின்சாரச் சூட்டுக்கு ஏறக்குறைய பாதி சக்தி போதும் என்கிற பகுதி நன்றாக இருக்கிறது. ஒரே வேலை, இரண்டு வழி, நேருக்கு நேர் ஒப்பீடு. கட்டுரை முழுக்க இப்படியே எழுதியிருக்கலாம். அதே மாதிரி, இந்தக் கட்டுரை வந்த பிறகு பறக்க வந்த ஏ350 ப்ளீட் ஏரையே வைத்துக்கொண்டது என்பதை வைத்து 787 தோற்றது என்றும் சொல்லிவிட முடியாது. இரண்டிலும் என்ஜின் வேறு, உடம்பு வேறு. சிஸ்டத்தின் பங்கை வெளியிலிருந்து பிரித்தெடுப்பது ரொம்பக் கஷ்டம்.

ஆனால் ஒரு பாகத்தை மட்டும் பிரித்துப் பார்க்க வாய்ப்பு கிடைத்தது. பேட்டரி. எடை குறைவு என்று 787-இல் லித்தியம் அயான் போட்டார்கள். ஒன்று சுமார் 28.6 கிலோ, மொத்தம் இரண்டு, ஆக 57 கிலோ. 2013 ஜனவரியில் பாஸ்டனில் தரையில் நின்ற விமானத்தில் ஒன்று எரிந்தது. சில நாளில் ஜப்பானில் இன்னொரு விமானம் பேட்டரிப் புகையால் அவசரமாகத் தரையிறங்கியது. உலகம் முழுக்க 787 பறப்பது நின்றது. தீர்வாக வந்தது, பேட்டரியைச் சுற்றி ஸ்டீல் பெட்டியும் புகையை வெளியே விடும் குழாயும். கூடிய எடை சுமார் 68 கிலோ. பேட்டரிகளை விட உறை கனம்! பழைய நிக்கல் காட்மியம் போட்டிருந்தால் இரண்டு மடங்கு கனத்திருக்கும் என்றே வைத்தாலும், கிடைத்த லாபம் 57 கிலோ. அதுவும் போய் மேலே 11 கிலோ நட்டம்.

தப்பு பேட்டரியின் எடையை அளந்ததில் இல்லை. விமானத்துக்குள் பத்திரமாக இருக்க அதற்கு என்னென்ன வேண்டுமோ, அதெல்லாம் கணக்கிலேயே வரவில்லை. சிஸ்டம் ஒப்பீட்டுக் கட்டுரை எதை எடுத்தாலும் இப்போது நான் முதலில் தேடுவது அந்த வரியைத்தான்.

2013 மார்ச்சில் டோக்கியோவில் பத்திரிகையாளர்களுக்கு அந்த ஸ்டீல் பெட்டியை விளக்கியவர்களில் ஒருவர் இதே மைக் சின்னெட்.