ஓடாத தேர்

சேரன்மகாதேவியில் உட்கார்ந்துகொண்டு இத்தாலிய மோட்டார்களைப் பற்றி எழுதுவானேன் என்று யாராவது கேட்கலாம். கேட்கட்டும். விலை உயர்ந்த கார்களைச் சேகரிக்கும் சீமான்களின் மனத்தை அறிய இத்தாலி வரை போக வேண்டியதில்லை. பக்கத்தில் இருக்கும் பத்தமடை வரை போனால் போதும்.

பத்தமடைக்காரர்கள் கோரையைத் தாமிரபரணித் தண்ணீரில் ஊறவைத்து, மெல்லிய இழைகளாகக் கிழித்து, பட்டுப்போல் வழவழவென்று பாய் நெய்வார்கள். கல்யாணத்துக்கு மணமக்களின் பெயரைப் பாயிலேயே நெய்து தருவதும் உண்டு. பாயின் குணம் படுத்துப் பார்த்தால்தானே தெரியும்? ஆனால் மிக உயர்ந்த பாயைப் பல வீடுகளில் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவிடுகிறார்கள். படுத்தால் கசங்கும், கசங்கினால் மதிப்புப் போகும். இந்தச் சுவர்ப் பாயைப் புரிந்துகொண்டவர்களுக்கு இன்றைய கார் சேகரிப்பைப் புரிந்துகொள்வது சிரமமாக இராது.

ஃபெராரி கம்பெனி 1962 முதல் 1964 வரை '250 ஜி.டி.ஓ.' என்ற பந்தயக் காரைச் செய்தது. மொத்தம் 36 வண்டிகள். அன்று அமெரிக்காவில் அதன் விலை சுமார் 18,000 டாலர். புது மாதிரிகள் வந்து, பந்தயத்துக்கு லாயக்கற்றதாகப் போனபின், சில ஆயிரம் டாலருக்கே கைமாறியது. அப்போது அதை வாங்கியவர்கள் பைத்தியக்காரர்கள். நல்ல அர்த்தத்தில் சொல்கிறேன். கையில் எண்ணெய்க் கறையும் காதில் எஞ்சின் சத்தமுமாகத் திரிந்தவர்கள். அதே வண்டிகளில் ஒன்று 2018 ஆகஸ்டில் கலிபோர்னியாவில் 4 கோடியே 84 லட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. 2022 மே மாதம் 1955-ஆம் வருஷத்து மெர்சிடிஸ் பென்ஸ் ஒன்று 13½ கோடி யூரோவுக்கு விலைபோயிற்று. அழைப்புப் பெற்ற சிலர் மட்டுமே அந்த ஏலத்தில் கலந்துகொண்டார்கள்.

விலை ஏறியதை நான் குறை சொல்லவில்லை. விலை ஏறியதும் வாங்குகிறவர் மாறினார் என்பதுதான் விஷயம். 1987-ல் ஃபெராரியின் 'எஃப் 40' வந்தது. மறுவருஷம் கம்பெனியை ஸ்தாபித்த என்ஸோ ஃபெராரி காலமானார். உடனே ஊக வியாபாரிகள் புகுந்தார்கள். வண்டி கைக்கு வருமுன்பே அதற்கான ஒப்பந்தத்தைப் பட்டியல் விலைக்குப் பல மடங்கு மேலே விற்றார்கள். அவர்கள் வாங்கியதும் விற்றதும் வெறும் காகிதம். 1990-ஐ ஒட்டிச் சந்தை சரிந்தபோது கடைசியாகக் காகிதம் வைத்திருந்தவர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டார்.

நமக்கும் இது புதிதல்ல. ஒரு காலத்தில் ஃபியட் காருக்கும் ஸ்கூட்டருக்கும் பணம் கட்டிப் பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்காகக் காத்திருந்தோம். முறை வந்ததும், மேல்பணம் வாங்கிக்கொண்டு வண்டியை அடுத்தவருக்குத் தள்ளிவிட்ட கெட்டிக்காரர்கள் அன்றும் இருந்தார்கள். ஆனால் அன்றைய பஞ்சம் நிஜப் பஞ்சம். இன்றைய பஞ்சத்தைக் கம்பெனிகளே ஏற்பாடு செய்கின்றன. இத்தனை வண்டிதான் செய்வோம், அதையும் இன்னாருக்குத்தான் தருவோம் என்கிறார்கள். கோவில் பரிவட்டம் போல இதுவும் ஒரு முதல் மரியாதை! பரிவட்டத்தையாவது யாரும் மறுநாள் விற்பதில்லை. ஃபோர்டு கம்பெனியின் 'ஜி.டி.' கார் வாங்குவோர், 2 வருஷத்துக்கு விற்பதில்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. அப்படி எழுதிக் கொடுத்தும் சீக்கிரமே விற்றுவிட்ட ஒரு பிரபல மல்யுத்த வீரர்மீது 2017-ல் கம்பெனி வழக்குத் தொடுத்து, மறுவருஷம் சமரசம் ஆயிற்று. மரியாதை செய்தவரே மரியாதை பெற்றவரைக் கோர்ட்டுக்கு இழுத்த வேடிக்கை இது.

மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். விலை ஏறியதால்தான் பல பழைய வண்டிகள் காயலான் கடைக்குப் போகாமல் பிழைத்தன. துருப்பிடித்த உடலுக்குப் புதுத் தகடு அடிக்க யாராவது பணம் போட வேண்டுமே! நம் நாட்டிலும் 2021-ல் ஒரு விதி வந்தது. 50 வயது கடந்த வண்டிகளுக்குத் தனிப் பதிவெண் தருகிறார்கள். அன்றாடப் பிரயாணத்துக்கு அவை கூடா. கண்காட்சிக்கும் பேரணிக்கும் ஓட்டலாம். நல்ல விதிதான்.

ஆனால் ஓட்ட மனம் வேண்டுமே! மைல் கணக்கு ஏறினால் விலை இறங்கும் என்பது இந்தச் சந்தையின் வேதவாக்கு. ஆகவே வண்டி குளிர்சாதன அறையில், உறையைக்கூடக் களையாமல் கிடக்கிறது. அதைத் தயாரித்தவன் எதற்காக இரவெல்லாம் கண்விழித்தானோ அந்த ஒரு காரியத்தை மட்டும் அது செய்வதில்லை. இதில் யாருக்கு நஷ்டம்? சொந்தக்காரருக்கு இல்லை. சத்தத்தைக் கேட்டே கோளாறைச் சொல்லும் மெக்கானிக்குக்கு நஷ்டம். அவன் கைவித்தை அடுத்த தலைமுறைக்குப் போகாது. மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஒரு பழைய வண்டியை வாங்கலாம் என்று கனவு கண்ட உண்மையான ரசிகனுக்கு நஷ்டம். தெருவில் ஒரு அழகான வண்டி போவதைத் திரும்பிப் பார்த்திருக்கக்கூடிய ஒரு சிறுவனுக்கும் நஷ்டம்.

1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஜி. டி. நாயுடு ஒரு பஸ்ஸை வாங்கித் தாமே ஓட்டினார். அவர் பெயரைத் தாங்கிக் கோயம்புத்தூரில் 2015-ல் திறந்த கார் காட்சிசாலையில் யாரும் டிக்கெட் வாங்கிப் பழைய வண்டிகளைப் பார்க்கலாம். அங்கேயும் வண்டிகள் நிற்கத்தான் செய்கின்றன. ஆனால் பிறர் கண்ணுக்காக நிற்கின்றன. ஒளித்து வைப்பதற்கும் காட்டி வைப்பதற்கும் வித்தியாசம் உண்டு.

நமது ஊர்களில் ஓடும் வாகனத்தைப் பற்றி வேறொரு நினைப்பும் இருந்திருக்கிறது. திருவாரூர் ஆழித்தேர் 1948-க்குப் பின் ஓடாமல் நின்றுபோயிற்று. 22 வருஷம் அது நிலையிலேயே நின்றது. தேய்மானம் இல்லை, ஆகவே மதிப்புக் கூடிற்று என்று ஒருவரும் சந்தோஷப்படவில்லை. அதை ஊருக்கே ஒரு குறையாக நினைத்தார்கள்; செப்பனிட்டு 1970-ல் ஓட்டிய பிறகுதான் மனம் ஆறினார்கள். திருநெல்வேலியில் ஆனி மாதம் நெல்லையப்பர் தேரை இழுக்கும்போது அச்சு தேய்கிறது, வடம் அறுந்துபோவதும் உண்டு. வேறு வடம் கொண்டுவந்து கட்டுகிறார்கள். தேரை நிறுத்தி வைத்தால் வடம் மிச்சமாகுமே என்று யாரும் யோசனை சொன்னதாகத் தெரியவில்லை.