பதிப்பாளர் விலகினார், பொறுப்பு விலகவில்லை

நூலாசிரியர் தம் நூலைத் தாமே வெளியிடுவது இன்று பெருவழக்காகிவிட்டது. பதிப்பகத்தாரின் வாயிலில் ஆண்டுக்கணக்கில் காத்துக் கிடந்த கையெழுத்துப் படிகள் இப்போது எழுதியவர் கையாலேயே நூலுருப் பெறுகின்றன. அமேசான் நிறுவனத்தின் கிண்டில் தளம் 2016ஆம் ஆண்டில் தமிழுக்கும் இடமளித்தது. அங்கே விலையைக் குறிப்பவர் ஆசிரியரே. நிபந்தனைகளுக்கேற்ப 35 அல்லது 70 விழுக்காடு அவருக்கு உரிமைத் தொகையாகச் சேர்கிறது. அச்சு நூலை விரும்புவோரும் ஆயிரம் படிகள் அடித்துப் பரணில் அடுக்க வேண்டியதில்லை; கேட்போர் தொகைக்கேற்ப ஐம்பதும் நூறுமாக அச்சிட்டுக்கொள்ளலாம்.

இதனை இலக்கியத்தின் வீழ்ச்சி என்று வருந்துவோர் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. இலங்கையில் ‘முஸ்லிம் நேசன்’ இதழை 1882இல் தாமே தொடங்கி நடத்திய அறிஞர் சித்தி லெப்பை, 1885இல் ‘அசன்பே சரித்திரம்’ நாவலை வெளியிட்டார். பிறர் வாயில் திறக்கட்டும் என்று அவர் காத்திருந்தாரல்லர். தோப்பில் முஹம்மது மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ ‘முஸ்லிம் முரசு’ இதழில் தொடராக வந்து, 1988இல் அவருடைய சொந்த முயற்சியிலேயே நூலாயிற்று. பின்னர் 1997இல் சாகித்திய அகாதெமி விருது அவரைத் தேடி வந்தது. நம் வாழ்வைச் சொல்லும் நூல்கள் பல, சொந்தப் பணத்தாலும் துணிவாலுமே வெளிச்சம் கண்டன என்பதை மறுப்பதற்கில்லை.

ஆயினும், பழைய வழியில் இரண்டு பணிகள் இணைந்திருந்தன என்பதை நாம் மறந்துவிடலாகாது. உமறுப் புலவர் சீறாப்புராணம் பாடியபோது, பொருள் தந்து ஆதரித்தவர் வள்ளல் சீதக்காதி. அவருக்குப் பின் அப்பணியை ஏற்றவர் அபுல் காசிம் மரைக்காயர். ஆனால் வள்ளலின் பொருள் மட்டும் காப்பியத்திற்குப் போதவில்லை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வரலாற்றுக்கான உரைவசனம் வேண்டிப் புலவர், சதக்கத்துல்லாஹ் அப்பா (ரஹ்) அவர்களை நாடிச் சென்றார் என்பது நம்மிடையே வழிவழியாக வழங்கும் செய்தி. செலவை ஏற்பவர் ஒருவர். செய்தியைச் சரிபார்ப்பவர் மற்றொருவர். பிற்காலத்தில் நல்ல பதிப்பாளர்கள் இவ்விரு பணிகளையும் தாமே சுமந்தனர். புதிய கருவி முதற்பணியை எளிதாக்கிவிட்டது; இரண்டாம் பணியை அது தொடவே இல்லை.

இக்குறை எங்கே வெளிப்படுகிறது? ஓர் எடுத்துக்காட்டுப் போதும். அரபியில் ‘காஃப்’ எழுத்து இரண்டு. ஒன்றால் எழுதினால் ‘கல்பு’ என்பது இதயம். மற்றொன்றால் எழுதினால் நாய். தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றே. நம் முன்னோர் அரபுத்தமிழில் எழுதியபோது இவ்வேறுபாடு தானே காக்கப்பட்டது. இன்று அரபி அறியாத ஆசிரியர், மொழிபெயர்ப்பு ஒன்றிலிருந்து எடுத்து எழுதும்போது பொருளைச் சுட்டாமல் விட்டால், படிப்பவர் எதனைப் பற்றுவது? எந்தத் தொகுப்பில் உள்ளது என்று சொல்லாமலே ஹதீஸ் எனத் தரப்படும் வாசகங்கள் இன்னும் கவலைக்குரியவை. அவை வீட்டுக் குழந்தைகளின் நாவில் ஏறிவிட்டால் பின்னர் இறக்குவது அரிது.

மதரஸாக்களில் ‘முகாபலா’ என்றொரு மரபு உண்டு. படியெடுத்தவர் தம் படியை மூலத்தோடு வைத்து வரிவரியாக ஒப்பிடுவார். ஒப்பீடு எட்டிய இடத்தில், ‘இதுவரை வந்தது’ என்னும் பொருளில் ‘பலஃக’ என ஓரத்தில் குறிப்பார். ஒப்பிடாத படியை ஆலிம்கள் நம்பிக் கையாளத் தயங்கினர். தாமே வெளியிடும் ஆசிரியர் இன்று தமக்குத் தாமே விதித்துக்கொள்ள வேண்டிய ஒழுங்கு இதுவே. அச்சுக்கு முன் தமிழறிந்த ஒருவரும், மார்க்கச் செய்தி வருமாயின் அரபி அறிந்த ஒருவரும் முழுமையாகப் படிக்கட்டும். அவர்தம் பெயர் முன்னுரையில் நிற்கட்டும். பொன்னாடையும் வாழ்த்துரையும் நிறைந்த வெளியீட்டு விழா அரங்கேற்றம் ஆகாது. மேடையில் வாழ்த்துவோர் நூலைத் திறந்தும் பாராதபோது அது வெறும் விருந்தே.

இன்னொரு கடமையும் உண்டு. 1954ஆம் ஆண்டின் நூல் ஒப்படைப்புச் சட்டப்படி, இந்தியாவில் வெளியிடுபவர் தம் அச்சு நூலின் படிகளைக் கொல்கத்தா தேசிய நூலகத்திற்கும், சென்னை கன்னிமாரா உள்ளிட்ட வேறு மூன்று நூலகங்களுக்கும் அனுப்ப வேண்டும். தாமே பதிப்பாளரான ஆசிரியர்க்கும் இது பொருந்தும். ஐம்பது படி அச்சிட்டு உறவினர்க்குப் பகிர்ந்த நூல், ஒரு தலைமுறையில் தடமின்றி மறையும். நூலகத்தில் சேர்ந்த ஒரு படி, நாளைய ஆய்வாளன் கைக்கு எட்டும்.

வாயில் திறந்துவிட்டது, அதனை மீண்டும் அடைக்குமாறு நாம் கேட்கவில்லை. முன்பு வாயிலில் நின்று வினவியவர் இப்போது இல்லை. ஆகவே எழுதுபவர் தம்மைத் தாமே வினவட்டும். படிப்பவரும், உறவு கருதிப் புகழாது, குறை கண்டால் எடுத்துரைக்கட்டும். எழுத்தும் ஓர் அமானிதமே அன்றோ!