இரண்டு மணிக் கிளையில் பாருங்கள்

மரத்தைக் கடிகாரமாக எண்ணிக்கொள்ள வேண்டும். உச்சி பன்னிரண்டு மணி, அடிமரம் ஆறு மணி, வலது ஓரம் மூன்று, இடது ஓரம் ஒன்பது. “அண்ணே, அந்தக் காஞ்ச கருவேலம் தெரியுதா? அதுல ரெண்டு மணிக்கு வாங்க. கவட்டை பிரியுற இடத்துக்கு ஒரு முழம் மேல, நமக்கு முதுகைக் காட்டிக்கிட்டு உக்காந்திருக்கு.” சொல்லி முடிப்பதற்குள் பக்கத்தில் நிற்கும் நாலு பேரின் பைனாகுலரும் ஒரே புள்ளியில் போய் நிற்கின்றன. யாரும் கை நீட்டவில்லை, குரல் உயரவில்லை. பறவையும் எழுந்து போகவில்லை.

திண்டுக்கல் பக்கத்துப் பறவை ஆர்வலர்களின் பேச்சில் எனக்கு மிகவும் பிடித்தது இந்த வழிகாட்டும் திறமைதான். தான் காண்பதை வெறும் சொல்லால் அடுத்தவர் கண்ணுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது பெரிய கலை. பறவை பார்ப்பதைப் பற்றி எழுதுபவர்கள் பறவையின் அழகை எழுதுகிறார்கள், கேமராவைப் பற்றி எழுதுகிறார்கள், அதிகாலைக் குளிரைப் பற்றிக்கூட எழுதுகிறார்கள். அணைக்கரையிலும் டீக்கடை பெஞ்சிலும் நடக்கும் பேச்சை யாரும் அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை. பறவை பார்க்கத் தெரிந்தவர் உருவாவது அந்தப் பேச்சில்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

பேச்சுக்கு வளமான ஊர் இது. நகரத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில், குடகனாற்றை மறித்த ஆத்தூர் காமராஜர் அணை. பின்னால் சுவராக எழும்பும் கொடைக்கானல் மலை. இந்தப் பக்கம் திரும்பினால் சிறுமலை. வடக்கே வேடசந்தூர்ச் செம்மண், தெற்கே நிலக்கோட்டை மல்லிகைத் தோட்டங்கள். முந்நூறு மீட்டரைத் தொடாத வறண்ட சமவெளியும் இரண்டாயிரம் மீட்டருக்கு மேலே நிற்கும் சோலைக்காடும் ஒரே மாவட்டத்துக்குள் அடக்கம். அதனால் ஒரே டீ குடித்து முடிப்பதற்குள் பேச்சு, தரிசில் தவிட்டு நிறத்தில் பதுங்கும் கல்கவுதாரியில் தொடங்கி, குளத்துப் பாம்புத்தாராவைத் தொட்டு, மேல்மலைச் சிரிப்பான் வரை போய்விடும்.

புதிதாக வருபவர் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் ஆரம்பிப்பார். “சார், எங்க தோட்டத்துல ஒரு குருவி பார்த்தேன். பழுப்பா இருந்துச்சு.” நல்ல குழுவில் யாரும் உடனே பெயரைச் சொல்ல மாட்டார்கள். கேள்வி வரும். “மைனாவை விடப் பெருசா, சின்னதா?” சலீம் அலி 1941இல் வெளியிட்ட இந்தியப் பறவைகள் நூலில் உருவத்தை இப்படித்தான் சொன்னார்: சிட்டுக்குருவி அளவு, கொண்டைக்குருவி அளவு, மைனா அளவு, காகத்தின் அளவு, பருந்தின் அளவு. தூரத்தில் இருக்கும் பறவைக்குச் சென்டிமீட்டர் கணக்கு உதவாது. தினமும் பார்க்கும் பறவையே அளவுகோலாக நிற்கும். அந்த முறையைப் புத்தகத்தைத் தொட்டே பார்க்காதவர்களும் இன்று கையாளுகிறார்கள்.

அடுத்த கேள்வி இன்னும் நுட்பமானது. “தரையில நடந்துச்சா, தத்துச்சா?” “உக்காந்ததும் வால் என்ன செஞ்சுச்சு?” “தனியா இருந்துச்சா, கூட்டமா?” கேட்கப்பட்டவர் கண்ணை மூடிக்கொண்டு யோசிப்பார். பார்த்தது இவ்வளவு என்று அவருக்கே அப்போதுதான் தெரியவரும். ஏழெட்டாகக் கூடிப் புதரடியில் சருகைக் கிளறிக்கொண்டு ஓயாமல் கத்தியது என்றால் தவிட்டுக்குருவி. அதை அவரையே சொல்ல வைத்துவிட்டு மூத்தவர் தலையை மட்டும் அசைப்பார். மறு ஞாயிற்றுக்கிழமை வரும்போது அதே ஆள் வாலையும் நடையையும் தானாகவே சொல்லத் தொடங்கியிருப்பார். வகுப்பு நடந்ததென்று யாருக்கும் தோன்றாது.

இந்தப் பேச்சின் உச்சம் என்று நான் ரசிப்பது வைரிக்கும் அக்காக்குயிலுக்கும் இடையே எழும் வழக்கு. இரண்டும் மேலே சாம்பல், மார்பில் கோடு, வாலில் பட்டை. பறக்கும் விதமும் ஒன்றே: சில தடவை சிறகடித்து, மிதந்து, தாழ வந்து, கிளைக்கு அருகில் சட்டென்று மேலெழும்பி உட்காரும். அக்காக்குயில் வேட்டைப் பறவையின் வேடம் பூண்டிருப்பதால் தவிட்டுக்குருவிகளும் அணில்களும் இரண்டையும் பார்த்து ஒன்றுபோலவே அலறும். பிறகு எப்படிப் பிரிப்பது? ஒருவர் அலகைச் சொல்வார்: வைரிக்குக் கொக்கியாக வளைந்திருக்கும், குயிலுக்கு அந்த வளைவு கிடையாது. இன்னொருவர் கண்ணைச் சொல்வார். ஒரு முறை ஒரு டீச்சர் சொன்னதுதான் இன்றுவரை எனக்கு உதவுகிறது: “உக்காந்ததும் வாலை இப்படியும் அப்படியும் ஆட்டினா அது குயிலுங்க.” உண்மைதான். அக்காக்குயில் கிளையில் இறங்கியவுடன் வாலைப் பக்கவாட்டில் அசைக்கும். அவர் அதைச் சொன்னபோது கையை அசைத்த விதத்திலேயே பறவை தெரிந்தது.

நெட்டைக்காலிகளைப் பற்றிய பேச்சு வேறு வகை. அது முடிவதே இல்லை. வயல் நெட்டைக்காலி வருடம் முழுக்க இங்கேயே இருப்பது. குளிர்காலத்தில் அதற்கு ஒன்றுவிட்ட உறவுகள் வடக்கிலிருந்து வந்து அதே தரிசில் நிற்கும்போது பின்கால் நகத்தின் நீளம், நிற்கும்போது நெஞ்சை நிமிர்த்தும் தோரணை, எழும்பும்போது கொடுக்கும் குரல் என்று ஒவ்வொன்றாக எடுத்து வைக்க வேண்டியிருக்கிறது. பெண் பூனைப்பருந்துகளும் இலை நிறக் கதிர்க்குருவிகளும் அப்படியே. இங்கேதான் ஒரு குழுவின் தரம் தெரியும். நல்ல குழுவில் யாராவது ஒருவர் கடைசியில், “தெரியலைங்க, கதிர்க்குருவின்னு மட்டும் போட்டுக்கிருவோம்” என்பார். மற்றவர்கள் அதை மரியாதையோடு ஏற்றுக்கொள்வார்கள். பறவைப் பதிவுகளைச் சேர்க்கும் இணையதளமான ஈபேர்டின் பட்டியலிலும் அதற்கு இடமுண்டு: இன்ன இனம் என்று தீர்க்க முடியாதபோது இன்ன வகை என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். பெரிய லென்ஸ் வைத்திருப்பவரை விட, தெரியாததைத் தெரியாது என்று அமைதியாகச் சொல்பவரிடம்தான் நான் அதிகம் கற்றுக்கொள்கிறேன்.

பேச்சுக்கு இவ்வளவு மதிப்பு வந்ததற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பறவையை அடையாளம் காண்பது என்றால் சுட்டு வீழ்த்தித் தோலைப் பதப்படுத்தி அறிஞருக்கு அனுப்புவது. பழனி மலையில் வாழும் சிரிப்பானின் அறிவியல் பெயரில் ஃபேர்பேங்க் என்ற பெயர் இருக்கிறது. அவர் அமெரிக்க மிஷனைச் சேர்ந்த பாதிரியார், அம்மலையில் பறவைகளைச் சேகரித்தவர். அந்தப் பறவையை 1869இல் வர்ணித்துப் பெயரிட்டவர் பிளான்ஃபோர்டு. அன்றைக்குச் சாட்சி சொன்னது கையில் இருந்த உடல். பைனாகுலரும் கையேடும் பரவிய பிறகு பறவை மரத்திலேயே இருந்துவிட்டது, சாட்சி சொல்லும் பொறுப்பு பார்த்தவரின் வாய்க்கு வந்து சேர்ந்தது. 2002இல் தொடங்கிய ஈபேர்டு இதை உலகம் முழுவதற்கும் விரித்தது. அபூர்வமான பதிவு ஒன்று போட்டால் தன்னார்வலரான ஒரு பரிசீலகர், எப்படி அடையாளம் கண்டீர்கள் என்று பணிவாகக் கேட்டு எழுதுவார். அணைக்கரையில் அண்ணன் கேட்கும் அதே கேள்வி.

குரலைப் பற்றிப் பேசும்போது இவர்கள் எல்லாரும் நடிகர்களாகிவிடுவார்கள். செம்போத்தின் ஆழ்ந்த ஊப்... ஊப்... வந்தால் பேசுபவரின் தொண்டையே கீழிறங்கும். அக்காக்குயில் படிப்படியாகச் சுருதி ஏற்றிக்கொண்டே போவதை ஒருவர் கையால் ஏணி போட்டுக் காட்டுவார். செம்மார்புக் குக்குறுவானின் ஒலியைத் திண்டுக்கல்காரர் ஒருவர், பூட்டுப் பட்டறையில் தகடு தட்டுவது மாதிரி என்று சொன்னதைக் கேட்ட பிறகு, அந்தப் பறவையை எந்த ஊரில் கேட்டாலும் எனக்குத் திண்டுக்கல் ஞாபகம்தான். மெர்லின் செயலி இப்போது கைபேசியிலேயே குரலைக் கேட்டுப் பெயரைக் காட்டுகிறது. நல்ல கருவி, புதியவர்களுக்குத் தைரியம் தருகிறது. ஆனால் அது பெயரைச் சொல்லிவிட்டு நின்றுவிடும். பக்கத்தில் நிற்கும் மனிதர் காரணத்தையும் சொல்வார், போன வருடம் அதே மரத்தில் கேட்டதையும் சேர்த்துச் சொல்வார்.

ஆவணி கடந்தால் பேச்சின் வேகம் மாறும். யார் யாரைப் பார்த்தாலும் முதல் கேள்வி, “வாலாட்டி வந்துருச்சா?” என்பதுதான். பிறகு சோளக்குருவி. கிழக்கு ஐரோப்பாவிலும் மத்திய ஆசியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு இளஞ்சிவப்பும் கறுப்புமாக வந்து சேரும் கூட்டம், சாயங்காலத்தில் அடையப் போகும்போது வானத்தில் வளைந்து நெளிவதை விவரிக்க முடியாமல் கையை வீசிக் காட்டுவார்கள். புரட்டாசி, ஐப்பசியில் ஆறுமணிக்குருவி. அது இரவில் பயணம் செய்யும் பறவை. வடக்கே காடுகளில் இனப்பெருக்கம் முடித்து வரும் களைப்பில் ஊருக்குள்ளேயே இறங்கிவிடுவதுண்டு. “சார், கொல்லையில ஒரு குருவி கிடக்கு. பல கலரு. பறக்க மாட்டேங்குது.” குழுவில் யாருக்காவது இப்படி ஒரு அழைப்பு வரும். மறுமுனையில் இருப்பவர் பெயரை அப்புறம் சொல்வார். முதலில் சொல்வது: அட்டைப் பெட்டியில் காற்றுக்கு ஓட்டை போட்டு, இருட்டான இடத்தில் வையுங்கள், வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றாதீர்கள், பூனையை அண்ட விடாதீர்கள், தெளிந்ததும் மரம் இருக்கும் இடத்தில் விட்டுவிடுங்கள். இந்த நாலு வரி பல பறவைகளைக் காப்பாற்றக்கூடியது.

எதைப் பேசக்கூடாது என்பதிலும் இவர்களுக்கு நல்ல கட்டுப்பாடு. மஞ்சள் மூக்கு ஆள்காட்டி கோடையில் வெறுந்தரையில், கற்களுக்கு நடுவே முட்டை இடும். அந்தத் தரிசு எது என்று பொதுவில் சொல்ல மாட்டார்கள். ஆந்தை அடையும் பாறை, பக்கி உட்காரும் பாதை, இவையும் அப்படியே. படத்துக்காகக் குரலை ஒலிபரப்பிப் பறவையை வரவழைப்பவரிடம் மூத்தவர்கள் முகம் கொடுத்துப் பேசுவதைக் குறைத்துக்கொள்வார்கள், அது போதும். அய்யலூர்க் காட்டுத் தேவாங்கு பறவையாக இல்லாவிட்டாலும் இந்த வட்டத்துப் பேச்சில் அதற்கும் இடமுண்டு. திண்டுக்கல், கரூர் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேரில் கடவூர் தேவாங்கு சரணாலயம் 2022இல் அறிவிக்கப்பட்டபோது அவ்வளவு மகிழ்ந்தவர்கள், அது உலவும் மரத்தைக் கேட்டால் மட்டும் வேறு பேச்சுக்கு மாறிவிடுவார்கள்.

ஊர்க்காரர்களோடு பேசும்போதுதான் இந்தக் கலை சோதனைக்கு உள்ளாகிறது. ஆடு மேய்ப்பவர் கவுதாரியும் கண்கிலேடியும் எங்கே படுக்கும் என்று எந்தக் கையேட்டையும் விடத் தெளிவாகச் சொல்வார். அவரிடம் கேட்கத் தெரிய வேண்டும். மயில் வந்து நிலக்கடலையைக் கிளறிவிட்டது என்று ஒரு விவசாயி கொதிக்கும்போது தேசியப் பறவையின் பெருமையைப் பேசுபவர் பேச்சுக்கலை அறியாதவர். முதலில் அவர் நட்டத்தை உட்கார்ந்து கேட்க வேண்டும். இரண்டாவது டீ வரும்போது அவரே, வெட்டுக்கிளி தின்ன வரும் கரிச்சானைப் பற்றிப் பேச ஆரம்பிப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

தமிழில் இந்தப் பேச்சு எழுத்தாகவும் வளர்ந்திருக்கிறது. மா. கிருஷ்ணன் ஆங்கில நாளிதழில் 1950 முதல் 1996இல் மறையும் வரை இயற்கையைப் பற்றிப் பத்தி எழுதியவர், தமிழிலும் அதே கூர்மையோடு எழுதினார். அந்தத் தமிழ்க் கட்டுரைகளை ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்று தொகுத்தவர் சு. தியடோர் பாஸ்கரன். க. ரத்னம் தமிழ்நாட்டுப் பறவைகளுக்கு ஊர்ப் பெயர்களைத் தேடித் தொகுத்து நூலாக்கினார். இவர்கள் எழுத்தைப் படித்தவர்கள் குழுவில் இரண்டு பேர் இருந்தாலே பேச்சின் தரம் உயர்ந்துவிடுகிறது.

2015 முதல் பொங்கலை ஒட்டி நான்கு நாட்கள் தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்கள் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். சரணாலயத்துக்குப் போக வேண்டியதில்லை. பொங்கலுக்கு எந்த ஊருக்குப் போகிறீர்களோ அந்த ஊரில், வீட்டு வாசலிலோ வயல் வரப்பிலோ குளக்கரையிலோ குறைந்தது பதினைந்து நிமிடம் நின்று, கண்ட பறவைகளையும் எண்ணிக்கையையும் ஈபேர்டில் பதிந்தால் போதும். திண்டுக்கல் பக்கத்துக் கிராமத்துக்குப் போகிறவர்கள் தனியாகப் போகாமல் வீட்டில் ஒரு பிள்ளையையோ ஒரு பெரியவரையோ கூட்டிக்கொண்டு போங்கள். பெயர் தெரியாத பறவையைக் கண்டால் பெயரைத் தேடுவதற்கு முன்னால், அது எப்படி இருந்தது, என்ன செய்தது என்று அவர்களிடம் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.